இந்த ஃபைலைத் திறக்கலாமா?

கம்ப்யூட்டர் கேள்வி – பதில்

இந்த மாதம் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன: கைக்கு வந்த புரோகிராம் ஃபைலை நம்பி ஓட்டலாமா, கூடாதா? அதனால் இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். பதில்கள் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். மாறுபடும் இடங்களை அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறோம்.

மார்த்தாண்டத்தில் ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட் கடை வைத்திருக்கிறேன். ஒருவர் மெயிலில் அனுப்பிய ஃபைல் பிடிஎஃப் படத்தோடுதான் இருந்தது. இரண்டு மூன்று தடவை கிளிக் செய்தும் எதுவும் திறக்கவில்லை. கெட்டுப்போன ஃபைல் என்று விட்டுவிட்டேன். அது வைரஸாக இருந்திருக்குமா?

இருந்திருக்கலாம். பிடிஎஃப் உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தால், அதைத் திறக்கும் மென்பொருள் எழுந்து வந்து ‘திறக்க முடியவில்லை’ என்று ஒரு செய்தியாவது காட்டும். கிளிக் செய்தும் சத்தமே இல்லை என்றால், ஏதோ ஒன்று பின்னால் ஓடிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐகானை நம்பவே கூடாது. இஎக்ஸ்இ, அதாவது புரோகிராம் ஃபைலைச் செய்கிறவர் அதற்கு எந்தப் படத்தை வேண்டுமானாலும் ஒட்டிவிடலாம். விண்டோஸும் இதற்குத் துணைபோகிறது: ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை அது மறைத்தே காட்டும். ‘பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ’ என்று பெயர் வைத்தால் திரையில் ‘பில்.பிடிஎஃப்’ மட்டும் தெரியும். முதல் வேலையாக இந்த மறைப்பை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 11-இல் ஃபோல்டரைத் திறந்து, மேலே ‘வியூ’, அதில் ‘ஷோ’, அதில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’. விண்டோஸ் 10-இல் ‘வியூ’ பட்டையிலேயே அந்தக் கட்டம் இருக்கும். கடையில் எத்தனை கம்ப்யூட்டர் இருந்தாலும் எல்லாவற்றிலும் செய்யுங்கள்.

இனி பெயரின் கடைசியைப் பாருங்கள். இஎக்ஸ்இ, எம்எஸ்ஐ மட்டும்தான் புரோகிராம் என்று பலர் நினைக்கிறார்கள். எஸ்சிஆர் என்பது ஸ்கிரீன்சேவர் என்ற பெயரில் வரும் அதே இஎக்ஸ்இதான். பேட், சிஎம்டி, விபிஎஸ், ஜேஎஸ், எச்டிஏ ஆகியவையும் கிளிக் செய்த உடனே ஓடக்கூடியவை. பிரிண்ட் எடுக்க வருகிறவர் இவற்றில் ஒன்றையும் அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை.

பெயரைத் திருப்பிக் காட்டும் தந்திரம் ஒன்றும் உண்டு. அரபி போன்ற வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்காக யூனிகோடில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி இருக்கிறது. அதைப் பெயரின் நடுவில் வைத்துவிட்டால், உண்மையில் இஎக்ஸ்இ என்று முடியும் பெயர் திரையில் ஜேபிஜி என்று முடிவதுபோலத் தெரியும். மறைப்பை நீக்கிய பிறகும் இது ஏமாற்றும். ஆனால் ஃபோல்டரை ‘டீடெய்ல்ஸ்’ தோற்றத்தில் வைத்தால் வரும் ‘டைப்’ என்ற பத்தியை இந்தத் தந்திரத்தால் மாற்ற முடியாது. அங்கே ‘அப்ளிகேஷன்’ என்றோ ‘ஸ்கிரீன் சேவர்’ என்றோ எழுதியிருந்தால் அது புரோகிராம்தான். பெயர் என்ன சொன்னாலும் சரி.

சந்தேகம் தீராவிட்டால் நோட்பேடை முதலில் திறந்து, அதன் ‘ஓப்பன்’ வழியாக ‘ஆல் ஃபைல்ஸ்’ தேர்ந்து அந்த ஃபைலைத் திறவுங்கள். நோட்பேட் எதையும் ஓட்டாது, எழுத்துகளைக் காட்டுவதோடு சரி. உண்மையான பிடிஎஃப் சதவீதக் குறியும் அதை ஒட்டி பிடிஎஃப் என்ற மூன்று எழுத்தும் கொண்டு தொடங்கும். இஎக்ஸ்இ, எஸ்சிஆர் வகைப் புரோகிராம்கள் எம், இசட் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். ஜிப் ஃபைல் பி, கே என்று தொடங்கும். வேர்ட், எக்செல்லின் புதிய வகை ஃபைல்களும் உள்ளுக்குள் ஜிப்தான் என்பதால் அவற்றிலும் பி, கே இருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஃபைல் நூறு எம்பிக்கு மேல் என்றால் நோட்பேட் திணறும், இந்த வழி வேண்டாம்.

உங்களைப் போன்ற கடைகளுக்கு இன்னொரு தொல்லை பென்டிரைவில் வரும் ஷார்ட்கட். வாடிக்கையாளரின் ஃபோல்டர்களை ஒளித்துவைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டுகளை வைக்கும் வைரஸ்கள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. ஷார்ட்கட்டின் பின்னொட்டை மட்டும் விண்டோஸ் எப்போதும் காட்டாது. ஐகானின் கீழ் மூலையில் இருக்கும் சிறிய அம்புக்குறியும், டைப் பத்தியில் வரும் ‘ஷார்ட்கட்’ என்ற சொல்லும்தான் அடையாளம். வலது கிளிக், ‘பிராப்பர்டீஸ்’, ‘டார்கெட்’ பாருங்கள். அதில் சிஎம்டி, பவர்ஷெல், டபிள்யூஸ்கிரிப்ட் என்ற சொற்களில் ஒன்று இருந்தால் அது ஃபோல்டருக்குப் போகும் வழி அல்ல, ஒரு கட்டளை. உண்மையான ஃபோல்டர்கள் பென்டிரைவிலேயே ஒளிந்திருக்கும், அழிந்திருக்காது. வாடிக்கையாளர் பதறி ஃபார்மட் செய்துவிடாமல் அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

இப்போது உடனே செய்ய வேண்டியது: நெட் இணைப்பைக் கழற்றுங்கள். ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யில் ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்’, ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’, அதில் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ கொடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே ஸ்கேன் நடக்கும். சுமார் 15 நிமிடம். அதற்குள் வேறொரு ஃபோனிலிருந்து மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றி, ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக் அவுட்’ என்பதையும் கொடுங்கள். இந்த இரண்டாவது வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிரவுசரில் லாகின் ஆகியிருக்கும் அடையாளத்தை, அதாவது குக்கீயைத் திருடினால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். நேரே உள்ளே போய்விடலாம். மெயிலில் வரும் ஃபைல்களை இனி டவுன்லோட் செய்யாமல் மெயிலின் முன்தோற்றத்திலேயே திறந்து பிரிண்ட் கொடுப்பது நல்ல பழக்கம்.

நாகர்கோவிலில் கல்லூரி படிக்கிறேன். டிஜிட்டல் சிக்னேச்சர், ஹாஷ் என்று இரண்டு சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா? எதைப் பார்த்தால் போதும்?

இரண்டும் வேறு. சிக்னேச்சர் ‘இதைச் செய்து வெளியிட்டது யார்’ என்பதற்குப் பதில் சொல்கிறது. ஹாஷ் என்பது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும், கைரேகை போன்ற எழுத்து வரிசை. அது ‘அவர் வெளியிட்டதும் என் கையில் இருப்பதும் ஒன்றா’ என்பதற்குப் பதில் சொல்கிறது. ‘இது நல்லதா’ என்பதற்கு இரண்டுமே பதில் சொல்லாது. இந்த வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது.

சிக்னேச்சர் பார்க்க: ஃபைலின் மேல் வலது கிளிக், பிராப்பர்டீஸ். ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ என்ற பட்டை இருக்கிறதா பாருங்கள். அதில் நிறுவனத்தின் பெயர் தெரிந்ததும் நிறைவடைந்துவிடக் கூடாது. பெயரைத் தேர்ந்து ‘டீடெய்ல்ஸ்’ அழுத்துங்கள். ‘திஸ் டிஜிட்டல் சிக்னேச்சர் இஸ் ஓகே’ என்ற வரி வந்தால்தான் கணக்கு. கையெழுத்திட்ட பிறகு ஃபைலில் ஒரு பைட் மாறியிருந்தாலும் அந்த வரி வராது. கையெழுத்திட நிறுவனம் வாங்கிய சான்றிதழின் காலம் முடிந்திருந்தாலும், காலம் இருக்கும்போதே கையெழுத்திட்டதற்கான நேர முத்திரை இருந்தால் அது செல்லும்.

அதே பிராப்பர்டீஸில் ‘டீடெய்ல்ஸ்’ என்று தனியாக ஒரு பட்டையும் உண்டு. கம்பெனி பெயர், பதிப்பு எண் எல்லாம் அங்கே வரும். அவை புரோகிராமை எழுதியவர் தன் விருப்பப்படி நிரப்பிக்கொள்ளும் கட்டங்கள். அங்கே மைக்ரோசாஃப்ட் என்று இருப்பதற்கு எந்த மதிப்பும் இல்லை.

விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரில் உள்ள பல ஃபைல்களுக்கு இந்தச் சிக்னேச்சர் பட்டையே இருக்காது. அவற்றின் கையெழுத்து ஃபைலுக்குள் இல்லாமல் தனி அட்டவணை ஒன்றில் இருக்கிறது, அவ்வளவுதான். விண்டோஸில் கட்டளைகளைத் தட்டும் ஜன்னலான பவர்ஷெல்லில் ‘கெட்-ஆதென்டிகோட்சிக்னேச்சர்’ கட்டளை கொடுத்தால் அதையும் சேர்த்துப் பார்த்து ‘வேலிட்’ என்று சொல்லும். கையெழுத்தே இல்லாவிட்டால் ‘நாட்சைன்ட்’, கையெழுத்துக்குப் பிறகு ஃபைல் மாறியிருந்தால் ‘ஹாஷ்மிஸ்மேட்ச்’.

ஹாஷ் பார்க்க: ஸ்டார்ட்டில் பவர்ஷெல் என்று தேடித் திறந்து, ‘கெட்-ஃபைல்ஹாஷ்’ என்று ஆங்கிலத்தில் நடுவில் சிறுகோட்டோடு தட்டி, ஒரு இடம் விட்டு, ஃபைலை மவுஸால் இழுத்து அந்த ஜன்னலுக்குள் போடுங்கள். முகவரி தானாக விழும். என்டர். எஸ்எச்ஏ-256 முறையில் 64 எழுத்துகள் வரும். வெளியீட்டாளரின் தளத்தில் கொடுத்திருக்கும் 64 எழுத்தோடு ஒப்பிட வேண்டும். முதல் நாலும் கடைசி நாலும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அதைவிட எளிய வழி இருக்கிறது: வந்த விடையைக் காப்பி செய்து, அந்தத் தளத்தின் பக்கத்தில் கண்ட்ரோல்-எஃப் அழுத்தி ஒட்டுங்கள். பக்கத்தில் அந்த இடம் நிறம் மாறினால் 64-உம் ஒன்று. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு இந்தத் தேடலைப் பாதிக்காது.

சில தளங்கள் எம்டி5 மட்டும் கொடுத்திருக்கும், 32 எழுத்து. ஒரே எம்டி5 வரும் வெவ்வேறு ஃபைல்களைச் செய்ய முடியும் என்று 2004-இலேயே காட்டிவிட்டார்கள். 40 எழுத்து எஸ்எச்ஏ-1-க்கும் 2017-இல் அதே கதி. டவுன்லோட் பாதியில் அறுந்ததா என்று பார்க்க அவை போதும். வேண்டுமென்றே மாற்றியிருக்கிறார்களா என்று பார்க்க எஸ்எச்ஏ-256-ஐயே தேடுங்கள்.

எதைப் பார்த்தால் போதும் என்ற கேள்விக்கு வருவோம். 2016 பிப்ரவரியில், விண்டோஸுக்குப் பதிலாகப் பயன்படுத்தும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 பதிப்பின் டவுன்லோட் இணைப்பைத் திருப்பி, பின்வாசல் (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்த பிரதியைத் தந்தார்கள். தளமே கைமாறிவிட்டால் ஃபைலோடு சேர்த்து அதே பக்கத்தில் இருக்கும் ஹாஷையும் மாற்றிவிட முடியும். அதனால்தான் ஹாஷை முடிந்தவரை வேறொரு இடத்திலிருந்தும் எடுத்து ஒப்பிட வேண்டும் என்கிறோம். 2017 ஆகஸ்டில் வந்த, கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும் மென்பொருளான சிகிளீனர் 5.33 இதைவிடக் கடினமான பாடம். நிறுவனத்துக்குள்ளேயே புகுந்து, ஃபைல் தயாராகும் இடத்திலேயே கலந்துவிட்டார்கள். சிக்னேச்சர் சரி, தளம் சரி, எல்லாம் சரி, சுமார் 22.7 லட்சம் பேரின் கம்ப்யூட்டருக்கு அது போய்ச் சேர்ந்தது. இரண்டு சோதனையும் தேறிய ஃபைலையும் ஒருமுறை ஸ்கேன் செய்யச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கருங்கலில் ஃபோட்டோ ஸ்டுடியோ நடத்துகிறோம். ஆல்பம் டிசைன் மென்பொருளின் கிராக் பதிப்பு ஒன்றை ஒருவர் தந்தார். ஆன்டிவைரஸ் கத்துகிறது. ‘கிராக் என்றாலே அப்படித்தான் காட்டும், ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டுப் போடுங்கள்’ என்கிறார். ஒரு ஃபைலைப் பல ஆன்டிவைரஸ் இன்ஜின்களிடம் ஒரே நேரத்தில் காட்டும் இணையதளமான வைரஸ்டோட்டலில் 70-இல் 30-க்கு மேல் சிவப்பு. அவர் சொல்வது சரியா?

அவர் சொல்வதில் ஒரு சிறு உண்மை உண்டு. கிராக் என்ற ஒரே காரணத்துக்காகச் சில ஆன்டிவைரஸ்கள் ‘ஹேக்டூல்’ என்று பெயர் கொடுத்துத் தடுப்பது நடக்கிறது. அதற்காக அதை ஓட்டுவது சரியாகிவிடாது. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

கிராக் என்பது மூலப் புரோகிராமைத் திருத்துவது. திருத்திய கணமே நிறுவனத்தின் சிக்னேச்சர் முறிந்துவிடுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க நிறுவனம் தந்த ஹாஷும் இல்லை. ஸ்கேனின் எச்சரிக்கையையும் ‘அப்படித்தான் காட்டும்’ என்று ஒதுக்கச் சொல்கிறார்கள். ஆக, சரிபார்க்க இருந்த மூன்று வழியும் அடைபட்டுப்போகின்றன. உரிமை கிடக்கட்டும், சரிபார்க்க வழியே இல்லாத ஃபைல் அது. ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வதோ, ஒரு ஃபோல்டரை ஸ்கேனிலிருந்து விலக்கி வைக்கச் சொல்வதோ எந்த ஃபைலோடு வந்தாலும் அந்த ஃபைலை அழித்துவிடுங்கள்.

வைரஸ்டோட்டலின் எண்ணிக்கையைவிட அது தரும் பெயர்களைப் படியுங்கள். ‘ஜெனரிக்’, ‘ஹியூர்’, ‘எம்எல்’ என்பவை ஊகத்தால் வரும் பெயர்கள். அதிகம் கேள்விப்படாத ஒன்றிரண்டு இன்ஜின்கள் மட்டும் இப்படிச் சொன்னால் தவறான எச்சரிக்கையாக இருக்க வாய்ப்பு அதிகம். ‘ரெட்லைன்’, ‘லும்மா’ போலக் குடும்பப் பெயரோடு பல இன்ஜின்கள் ஒரே குரலில் சொன்னால் ஊகத்துக்கு இடமில்லை. அவை பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போகும் வகை. ஸ்டுடியோக்காரர்கள் அதைவிட அஞ்ச வேண்டியது, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர். ‘ஸ்டாப்’ என்ற ரேன்சம்வேர் குடும்பம் பரவிய முக்கிய வழியே கிராக் ஃபைல்கள்தான். ஒரு கல்யாணத்தின் மூவாயிரம் படமும் பூட்டப்பட்டு, ஒவ்வொரு பெயரின் பின்னாலும் புதிய பின்னொட்டு ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த முகூர்த்தத்தை இன்னொரு முறை எடுக்க முடியாது. எடுத்த அன்றே ஒரு பிரதியைத் தனி ஹார்ட் டிஸ்கில் போட்டு, வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். கழற்றாமல் செருகியே இருக்கும் டிஸ்க்கும் சேர்ந்தே பூட்டப்படும்.

வைரஸ்டோட்டலில் பார்க்கும் முறை பற்றியும் இரண்டு வார்த்தை. ஃபைலை அங்கே ஏற்றுவதற்கு முன், மேலே சொன்ன ஹாஷை எடுத்து அதன் தேடல் கட்டத்தில் ஒட்டுங்கள். ஏற்கெனவே யாராவது சோதித்திருந்தால் விடை உடனே வந்துவிடும். ஏற்றப்படும் ஃபைல்களை அந்தச் சேவையின் கட்டணச் சந்தாதாரர்கள் எடுத்துப் பார்க்க முடியும். வாடிக்கையாளரின் ஆவணங்களை அங்கே ஏற்றவே கூடாது. பழைய விடை என்றால் ‘ரீஅனலைஸ்’ கொடுங்கள். லட்சக்கணக்கானோர் பயன்படுத்தும் மென்பொருள் என்று சொல்லிக் கொடுத்த ஃபைலின் ஹாஷை வைரஸ்டோட்டல் பார்த்ததே இல்லை என்றால், அதுவே கெட்ட அறிகுறி. ஐந்து எம்பி ஜிப் விரிந்ததும் 700 எம்பி ஆகிறதா? வைரஸ்டோட்டலின் வரம்பான 650 எம்பியைத் தாண்டுவதற்காக உள்ளே வெறும் பூஜ்யங்களை அடைக்கும் வழக்கம் உண்டு.

படத் திருத்தத்துக்கு கிம்ப், கிரிட்டா, டார்க்டேபிள் ஆகியவை முழுக்க இலவசம். வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு கல்யாண வேலைக்குத் தாராளமாகப் போதும்.

பேச்சிப்பாறைப் பக்கம் இருக்கிறேன். எங்கள் வீட்டில் நெட் சரியாகக் கிடைக்காது. நாகர்கோவில் போகும்போது மென்பொருளைப் பென்டிரைவில் எடுத்து வருகிறேன். டவுன்லோட் செய்யும் இடத்தில் வரும் நீல நிற எச்சரிக்கை என் கம்ப்யூட்டரில் வருவதில்லை. அப்படியென்றால் நல்ல ஃபைல்தானே?

இல்லை. எச்சரிக்கை வராததற்குக் காரணம் பென்டிரைவ். நெட்டிலிருந்து இறங்கும் ஃபைலோடு ‘இது வெளியிலிருந்து வந்தது’ என்ற குறிப்பை விண்டோஸ் ஒட்டிவைக்கிறது. அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் விண்டோஸின் காவல் வசதியான ஸ்மார்ட்ஸ்கிரீன் எச்சரிக்கிறது. என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த டிஸ்கில்தான் அந்தக் குறிப்பு தங்கும். பென்டிரைவுகள் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட். அதில் காப்பி செய்ததும் குறிப்பு உதிர்ந்துவிடுகிறது. ஃபைல் அதே ஃபைல்தான்.

டவுன்லோட் செய்த இடத்திலேயே ஹாஷை ஒப்பிட்டு, அந்த 64 எழுத்தை ஃபோனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து மறுபடி ஹாஷ் எடுத்துப் பாருங்கள், நெட் வேண்டாம். வழியில் வேறு கம்ப்யூட்டரில் செருகியபோது ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் தெரிந்துவிடும். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டருக்கான புதிய வைரஸ் அடையாளங்களையும் தனி ஃபைலாக மைக்ரோசாஃப்ட் தளத்தில் எடுத்து வந்து வீட்டில் ஓட்டலாம். உங்களைப் போன்றவர்கள் நாகர்கோவில் போகும் ஒவ்வொரு தடவையும் அதைக் கொண்டுவருவது நல்லது.

தக்கலையில் டிடிபி வேலை செய்கிறேன். சிறிய தமிழ் டைப்பிங் கருவி ஒன்றை நிறுவப் போனால் ‘விண்டோஸ் புரொடெக்டட் யுவர் பிசி’ என்று நிற்கிறது. பலர் பயன்படுத்தும் கருவிதான். தாண்டலாமா?

இந்த எச்சரிக்கை ‘இது கெட்டது’ என்று சொல்லவில்லை. ‘இதைப் பற்றி எனக்குப் போதிய பழக்கம் இல்லை’ என்கிறது. ஆண்டுதோறும் பணம் கட்டிச் சான்றிதழ் வாங்க முடியாத தனி ஆர்வலர்களின் கருவிகள், அதிலும் நேற்று வெளியான புதிய பதிப்பு, இதில் மாட்டுவது சகஜம். ஃபைல்களைச் சுருக்கும் செவன்-ஜிப் போல உலகமே பயன்படுத்தும் மென்பொருளின் நிறுவல் ஃபைல்கூட நெடுங்காலமாகக் கையெழுத்து இல்லாமல்தான் வந்திருக்கிறது.

அதனால் ஃபைலைவிட அது வந்த வழியைப் பாருங்கள். எழுதியவரின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கினீர்களா, தேடலில் முதலில் வந்த விளம்பரத்திலிருந்தா? விளம்பரம் என்றால் அழித்துவிட்டுத் தொடங்குங்கள். தளத்தின் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஒரு சிறுகோடு கூடினாலோ குறைந்தாலோ வேறு ஆளின் தளம். பிறகு ஹாஷை வைரஸ்டோட்டலில் தேடி, முதன்முதலில் எப்போது சோதிக்கப்பட்டது என்பதைப் பாருங்கள். மூன்று ஆண்டாக இருக்கும் பதிப்பு என்றால் அங்கேயும் பழைய தேதி இருக்க வேண்டும். எல்லாம் ஒத்துவந்தால் ‘மோர் இன்ஃபோ’, ‘ரன் எனிவே’. ஒரே ஒரு எச்சரிக்கை: டைப்பிங் கருவி நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் பார்க்கிறது, பாஸ்வேர்டு உட்பட. மற்ற மென்பொருளைவிட இதில் இரட்டிப்புக் கவனம் நியாயமே. யூனிகோடு மட்டும் போதுமென்றால், விண்டோஸ் 11-இல் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து எதுவும் வேண்டாம்.

பூதப்பாண்டி. டாஸ்க் மேனேஜரில் எஸ்விசிஹோஸ்ட் என்று ஐம்பதுக்கு மேல் ஓடுகிறது. எல்லாம் வைரஸா?

இல்லை, அத்தனை ஓடுவது இயல்பு. விண்டோஸின் சேவைகள் அதற்குள்தான் ஓடுகின்றன. ஒன்றின் மேல் வலது கிளிக் செய்து ‘ஓப்பன் ஃபைல் லொகேஷன்’ கொடுங்கள். சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32 என்று போனால் சரி. டெம்ப், ஆப்டேட்டா, டவுன்லோட்ஸ் என்று போனாலோ, பெயரில் ஓ-வுக்குப் பதில் பூஜ்யம் இருந்தாலோ, எழுத்துகள் முன்பின் மாறியிருந்தாலோ உடனே ஆஃப்லைன் ஸ்கேன்.

குளச்சல். கல்யாண அழைப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே வந்தது. தெரிந்த நம்பரிலிருந்துதான் வந்தது. அம்மா திறந்துவிட்டார்கள். என்ன செய்வது?

அழைப்பிதழ் படமாக வரும், பிடிஎஃப்பாக வரும், வீடியோவாக வரும். ஏபிகே என்பது ஆண்ட்ராய்டுக்கான புரோகிராம். அழைப்பிதழ் ஏபிகேயாக வரக் காரணமே இல்லை. தெரிந்த நம்பர் என்பதும் ஆறுதல் அல்ல, அவருடைய ஃபோனும் இதே போல மாட்டியிருக்கும். போக்குவரத்து அபராதம், அரசு உதவித்தொகை என்ற பெயரிலும் இதே வகை சுற்றுகிறது. அவற்றின் குறி எஸ்எம்எஸ்; ஓடிபியைப் படித்து அனுப்புவது.

வெறுமனே தொட்டுப் பார்த்து ‘இன்ஸ்டால்’ கொடுக்காமல் விட்டிருந்தால் ஃபைலை அழித்தால் போதும். இன்ஸ்டால் ஆகியிருந்தால் முதலில் ஃபோனை ஃபிளைட் மோடில் போடுங்கள், வைஃபையும் அணையட்டும். செட்டிங்ஸில் ஆப்ஸ் போய் அதை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அந்தப் பட்டன் மங்கிக் கிடந்தால், ‘டிவைஸ் அட்மின்’, ‘அக்சசிபிலிட்டி’ இரண்டிலும் அதற்குக் கொடுத்த அனுமதியை நீக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். இன்னொரு ஃபோனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள். நேரம் போகப் போகப் பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். ஆப்பை நீக்கிய பிறகு ##002# டயல் செய்து, திருப்பிவிடப்பட்ட அழைப்புகள் இருந்தால் ரத்து செய்யுங்கள். கடைசியாக, வாட்ஸ்அப்புக்கு ‘இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்’ அனுமதி இருந்தால் எடுத்துவிடுங்கள். அம்மாவைத் திட்ட வேண்டாம். திட்டு வாங்கியவர்கள் அடுத்த முறை சொல்லாமல் மறைத்துவிடுகிறார்கள். அதில்தான் பணம் போகிறது.

குலசேகரம். ஓட்டிப் பார்த்துவிட்டு நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு, விண்டோஸ் சாண்ட்பாக்ஸ். விண்டோஸுக்குள் ஒரு தற்காலிக விண்டோஸ். மூடியதும் உள்ளே நடந்தது எல்லாம் அழிந்துவிடும். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு முதல் புரோ வகையில் உண்டு, ஹோம் வகையில் இல்லை. ரேம் குறைந்தது 4 ஜிபி என்பார்கள், 8 இல்லாவிட்டால் நகராது. டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’, ‘சிபியு’ பக்கத்தில் ‘வர்ச்சுவலைசேஷன்: எனேபிள்ட்’ என்று இருக்க வேண்டும், இல்லையென்றால் பயாஸில் (விண்டோஸ் எழுவதற்கு முன் வரும் அமைப்புப் பக்கம்) போய்த் திறக்க வேண்டும். பிறகு ‘டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்’ பட்டியலில் ‘விண்டோஸ் சாண்ட்பாக்ஸ்’ டிக் செய்து ரீஸ்டார்ட்.

ஃபைலைக் காப்பி செய்து அதற்குள் ஒட்டி ஓட்டுங்கள். வேறு பெயரில் புதிய புரோகிராம் முளைக்கிறதா, கருப்பு ஜன்னல் மின்னி மறைகிறதா, ஸ்டார்ட்அப் பட்டியலில் எதுவும் சேர்கிறதா பாருங்கள். அதற்குள்ளும் நெட் இயங்கும் என்பதால் எந்தப் பாஸ்வேர்டும் அங்கே தட்டக் கூடாது. தான் ஓடுவது இப்படிப்பட்ட கூண்டுக்குள்தான் என்று மோப்பம் பிடித்துச் சும்மா இருந்துவிடும் வைரஸ்களும் உண்டு. ஆகவே கெட்டது நடந்தால் அது கெட்டதுதான் என்று முடிவு செய்யலாம். ஒன்றும் நடக்கவில்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

களியக்காவிளை. வங்கியிலிருந்து என்று சொல்லி ஒருவர் ஃபோனில் அழைத்து, தொலைவிலிருந்து உதவும் மென்பொருள் ஒன்றை நிறுவச் சொன்னார். நீங்கள் முன்பு எழுதியபடி சிக்னேச்சர் பார்த்தேன், ஓகே என்றே வந்தது. அப்படியானால் நிறுவலாமா?

வேண்டாம். சிக்னேச்சர் உண்மை, மென்பொருளும் நல்லதே. கோளாறு அழைத்த ஆளிடம். உங்கள் திரையையும் மவுஸையும் அவர் கையில் கொடுக்கும் கருவி அது. அதைச் செய்த நிறுவனம் யாரென்று சிக்னேச்சர் சொல்லும், மறுமுனையில் பேசுகிறவர் யாரென்று சொல்லாது. எந்த வங்கியும் இப்படிக் கேட்காது. ஏற்கெனவே நிறுவி, திரையில் வந்த எண்ணையும் சொல்லிவிட்டீர்கள் என்றால் நெட்டைத் துண்டித்து, அதை அன்இன்ஸ்டால் செய்து, பாஸ்புக்கில் இருக்கும் கிளை எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். அவர் கொடுத்த எண்ணுக்கு அல்ல.